காக்கைக்கு உரிமம் வாங்கிய சேனல்காரர்கள்

முட்டாள் தனியாக இருந்தால் அவன் வீட்டுக்கு மட்டும்தான் செலவு. நாலு பேராகச் சேர்ந்து, கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றினால்தான் அது ஊருக்குப் பயன்படும். தென்காசியில் அப்படிப் பயன்பட்ட நாலு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

நெல்லி என்று ஒரு மென்பொருள் உண்டு. தமிழில் கடிதம் எழுத, கணக்குப் போட, அச்செடுக்க உதவும். கட்டற்ற மென்பொருள். அதாவது, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். செய்தவர் பெயரை மறைக்கக் கூடாது, எதைச் செய்தாலும் எல்லோரும் பேசி ஒத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பது அந்தச் சமூகத்தின் கொள்கை. கெட்டிக்காரப் பிள்ளைகள் எங்கெங்கோ உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டுக் கூட்டத்தில், "நம்ம வீடியோ சேனலை யார் பார்த்துக்கிறீங்க?" என்று கேட்டபோது கெட்டிக்காரர்கள் எல்லோரும் குனிந்து செருப்பைத் தேடினார்கள். கை தூக்கியவர்கள் தென்காசிக்காரர்கள் மட்டுமே. டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்ற மெய்கண்டான், சாப்பாடு எப்போது என்று கேட்பதற்காகத் தூக்கினார். கண்ணாடிக் கடை மைதீன் பிச்சை, மின்விசிறி ஓடவில்லை என்று காட்டுவதற்காகத் தூக்கினார். தட்டச்சுப் பயிலகம் நடத்தும் பொற்கொடி, மைதீன் பிச்சை தூக்கியதால் தூக்கினார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் திருமலைக்கொழுந்து ஒருவர்தான் உண்மையிலேயே ஆசைப்பட்டுத் தூக்கினார். பாவம், கதையும் அவரைத்தான் பிடித்துக்கொண்டது.

கொழுந்துக்கு அதுவரை பெயருக்குப் பின்னால் போட ஒன்றும் இருந்ததில்லை. மகள் உலகம்மைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே, 'பொறுப்பாளர், நெல்லி மென்பொருள் அதிகாரபூர்வ வீடியோ சேனல்' என்று தங்க எழுத்தில் அடித்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்குக் கீழே இருந்ததைவிட அது ஒரு வரி நீளம்.

"அப்பா, அந்த வரி வேண்டாமே" என்றாள் உலகம்மை.

"ஏம்மா, பொய்யா?"

"பொய்யா இருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. உண்மையா இருக்கே, அதான் பயமா இருக்கு."

பயப்பட வேண்டிய ஆள் ஒருவர் அம்பாசமுத்திரத்தில் இருந்தார். சம்பந்தி சிதம்பரநாதன் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அச்சில் ஏறியது பொய்யானால் அவருக்குச் சோறு இறங்காது. தம்பி மகள் கல்யாணத்தில், பத்திரிகையில் 'காலை ஒன்பது மணிக்கு' என்றிருக்க, ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குத்தான் கட்ட வேண்டும் என்று மணமேடையிலேயே துண்டை விரித்துப் படுத்தவர் அவர்.

"சம்பந்தி, தாலி கட்டுததுக்கு முன்னால பத்திரிகையை ஒரு தடவை வரிவரியா சரிபாத்துக்கிடுவேன். எங்க வழக்கம் அது" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

இந்த நிலையில்தான் சென்னைத் தலைமைக் குழுவிலிருந்து குழலி என்ற பெண் போன் செய்தாள்.

"சார், நெல்லியோட புதுப் பதிப்பு வெள்ளிக்கிழமை வருது. அதைக் கம்ப்யூட்டர்ல எப்படி ஏத்துறதுன்னு ஒரு வீடியோ போடணும். வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வரலன்னா சேனலைச் சேலம் குழுவுக்கு மாத்திடுவோம். போன வருஷமே மாத்தியிருக்கணும்."

வெள்ளிக்கு அடுத்த புதன்கிழமை முகூர்த்தம். கொழுந்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். சேனல் போனால் பொறுப்பு போகும். பொறுப்பு போனால் தங்க எழுத்து பொய்யாகும். பொய்யானால் சிதம்பரநாதன் துண்டை விரிப்பார்.

"விதியெல்லாம் ஞாபகம் இருக்கா சார்?" என்று குழலி மறுபடி சொன்னாள். "அடுத்தவங்களுக்கு உரிமை உள்ள சத்தம் எதுவும் வீடியோவில வரக் கூடாது. பேசுறவர் மைக் மட்டும் திறந்திருக்கணும், மத்தவங்க மைக்கை மூடியே வச்சிருக்கணும். ரெண்டு பேர் முழுசாப் பார்த்துச் சரின்னு சொல்லாம ஏத்தக் கூடாது. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். கொஞ்சம் புத்தியைப் பயன்படுத்தினா போதும்."

கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார்கள்.

திங்கட்கிழமை காலை, பொற்கொடியின் தட்டச்சுப் பயிலக மாடியில் பதிவு தொடங்கியது. கொழுந்து பவுடர் போட்டு உட்கார்ந்து, "அனைவருக்கும் வணக்கம்" என்றார். கீழே லிங்கத்தின் டீக்கடையில் சினிமாப் பாட்டு கிளம்பியது. மெய்கண்டான் பதிவை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்.

"லிங்கம், இந்தப் பாட்டை எந்த உரிமத்துல போடுதீரு?"

"நான் எங்க அண்ணாச்சி போட்டேன்? ரேடியோக்காரன் போடுதான்."

"அவன் எந்த உரிமத்துல போடுதான்?"

லிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். டீக்கடை நடத்துகிறவருக்கு இருக்கிற பொறுமை முனிவர்களுக்குக் கிடையாது.

மறுபடி கொழுந்து "அனைவருக்கும் வணக்கம்" என்றார். ஜன்னல் சன்ஷேடில் வந்து உட்கார்ந்த காக்கை, "கா" என்றது.

"நிறுத்துங்க" என்றார் மெய்கண்டான். "இந்தச் சத்தத்துக்கு உரிமை யாருட்ட இருக்கு?"

நால்வரும் பாய் விரித்து உட்கார்ந்து விவாதித்தார்கள்.

"காக்கா சத்தம் பொதுச்சொத்து, அண்ணாச்சி. யாரும் எடுத்துக்கிடலாம்" என்றார் பொற்கொடி.

"அப்படி ஒரேடியாச் சொல்லிற முடியாது, தங்கச்சி" என்றார் மைதீன் பிச்சை. "ஆக்குனவர் செத்து அறுபது வருசம் கழிச்சாத்தான் பொதுச்சொத்து. இது இன்னும் சாகவே இல்லையே. உங்க கண்ணு முன்னால உக்காந்திருக்கு."

"இதுக்குத் தினமும் சோறு வைக்கது யாரு?" என்று கேட்டார் மெய்கண்டான்.

"நான்தான்" என்றார் பொற்கொடி.

"அப்ப நீங்கதான் முதலாளி. வேலை பாக்கவன் செய்தது முதலாளிக்குத்தான் சேரும்."

"சோறு போட்டா முதலாளியா? எங்க வீட்டு ஆம்பளைக்கும் நான்தான் சோறு போடுதேன்."

"அவர் கரைஞ்சார்னா அதுவும் உங்களுக்குத்தான் சேரும்" என்று தீர்ப்புச் சொன்னார் மெய்கண்டான்.

பொற்கொடி உடனே தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகி, தமக்குச் சொந்தமான காக்கைச் சத்தத்தை உலகத்தார் யாவரும் எடுக்கலாம், மாற்றலாம், பரப்பலாம் என்று உரிமம் அடித்துக் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கொழுந்துக்குக் கொள்கை நினைவு வந்துவிட்டது.

"செய்தவர் பேரை மறைக்கக் கூடாதே, அண்ணாச்சி. வீடியோ கடைசியில காக்கா பேரு போடணும்லா? கரைஞ்சது எந்தக் காக்கா?"

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். சன்ஷேடில் இப்போது ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒரே கறுப்பு.

"நாளைக்குக் கரையுத காக்கா முதுகுல சுண்ணாம்பால ஒரு கோடு போட்டுட்டா அடையாளம் தெரிஞ்சிரும்" என்றார் மைதீன் பிச்சை. யோசனை சொன்னவரே வேலையையும் செய்ய வேண்டும் என்பது கட்டற்ற மென்பொருள்காரர்களின் வழக்கம். செவ்வாய்க்கிழமை மைதீன் பிச்சை சுண்ணாம்பு வாளியோடு சன்ஷேடில் இறங்கி, முதலில் கரைந்த காக்கையைத் தொட்டார். காக்கைகளும் கூட்டம் போட்டு, எல்லோரும் பேசி ஒத்துக்கொண்டு, அவர் தலையில் கொத்தின.

மண்டையில் கட்டோடு மைதீன் பிச்சை சொன்னார்: "அவரவர் வீட்லேயே கதவை அடைச்சுக்கிட்டு உக்காந்து, வீடியோ கால்ல பதிவு பண்ணிருவோம். காக்காவும் இருக்காது, பாட்டும் இருக்காது."

அந்த வாரத்தில் அவர்களுக்குத் தோன்றிய நல்ல யோசனை அது ஒன்றுதான். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

புதன்கிழமை நாலு பேரும் நாலு வீட்டில் உட்கார்ந்தார்கள். கொழுந்து பேசுகிறவர். விதிப்படி அவர் மைக் மட்டும் திறந்திருந்தது. மற்ற மூவரும் மைக்கை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். வீடியோவில் பேசுகிற எவரும் முதலில் கேட்பதைக் கொழுந்தும் கேட்டார்.

"நான் பேசுதது கேக்குதா?"

மூவருக்கும் கணீரென்று கேட்டது. ஆனால் பதில் சொல்ல மைக்கைத் திறக்க வேண்டும். திறந்தால் விதி மீறல். தலையாட்டலாமா என்று மெய்கண்டான் யோசித்தார். அதற்குக் கூட்டம் போட்டு ஒத்துக்கொள்ள வேண்டும், கூட்டத்தில் பேச மைக்கைத் திறக்க வேண்டும் என்று உணர்ந்து, ஆடாமல் இருந்தார்.

"கேக்குதா, அண்ணாச்சி?"

சிலைகள் மூன்று திரையில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கேட்கிறதா என்று தெரியாமல் மேலே பேசுவது மரியாதை இல்லை என்பதால் கொழுந்தும் மேலே போகவில்லை. நாற்காலியை மாற்றினார். "இப்ப கேக்குதா?" மைக்கை வாய்க்குள் பாதி விட்டார். "இப்ப?" எழுந்து நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மனைவி கோமு அடுக்களையிலிருந்து வந்து, "எனக்குக் கேக்கு. போதுமா?" என்றார். "நீ கூட்டத்துல இல்ல, பேசாத" என்று அனுப்பிவிட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனபிறகு தொண்டை கட்டிப்போய், கண்ணீரோடு, "சரி, கேக்கலை போல. நன்றி, வணக்கம்" என்று முடித்தார். நெல்லி என்ற சொல் அந்த வீடியோவில் ஓர் இடத்திலும் வரவில்லை.

வியாழக்கிழமை, இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய நாள். பொற்கொடியும் மைதீன் பிச்சையும் பதிவை முழுதும் பார்த்தார்கள். இப்போது மைக் விதி கிடையாது என்பதால், மனதில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. திரையில் கொழுந்து "கேக்குதா?" என்னும்போதெல்லாம் இருவரும் ஒரே குரலில், "கேக்குது, அண்ணாச்சி, நல்லாக் கேக்குது!" என்று பதில் சொன்னார்கள்.

"என்ன, சரியா இருக்கா?" என்று கேட்டார் மெய்கண்டான்.

"கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்துட்டு. ஒண்ணுகூடப் பாக்கி இல்ல" என்றார் பொற்கொடி. வீடியோ ஒருமனதாக ஏற்கப்பட்டது.

இனி ஏற்ற வேண்டியதுதான் மிச்சம். அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும்.

பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது என்ற விதியை, சேனல் கைக்கு வந்த முதல் நாளே அவர்கள் கவனமாக நிறைவேற்றியிருந்தார்கள். ஆளுக்கொரு துண்டாக, மனதில் தோன்றியதை அடித்து வைத்தார்கள். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். விசைச் சத்தத்தை வைத்தே எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பொற்கொடி மேல் சந்தேகம் இருந்ததால், காதிலும் விரலை வைத்துக்கொள்ள வேண்டும். கடைசித் துண்டு மைதீன் பிச்சையுடையது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குப் பயிலக மாடியில் மெய்கண்டான் தன் துண்டை அடித்தார். பொற்கொடி அடித்தார். கொழுந்து அடித்தார். பிறகு நாலாவது துண்டுக்காகத் திரும்பிப் பார்த்தார்கள். மைதீன் பிச்சை தூத்துக்குடியில் கடைக்குக் கண்ணாடிச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்து போன் போட்டார். "மைதீன், உம்ம துண்டைச் சொல்லும்யா. அரை மணி நேரந்தான் இருக்கு."

"யாருக்கும் சொல்லக் கூடாதுல்லா, அண்ணாச்சி."

"எம் மவ கல்யாணம்யா! சம்பந்தி துண்டை விரிச்சுருவாருய்யா!"

"உங்க மவ எனக்கும் மவதான். உசிரைக் கேளுங்க, தாரேன். விதியை மீறச் சொல்லாதீங்க."

கொழுந்துக்கு அழுகை வந்துவிட்டது. மைதீன் பிச்சை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே என்பதுதான் அதிகம் வலித்தது. மெய்கண்டான் தாடையைத் தடவினார்.

"யாருக்கும்னா ஆளுக்குத்தானே? கம்ப்யூட்டர் ஆளா?"

"இல்ல" என்றார் பொற்கொடி.

"அப்ப நேரா அதுட்டயே சொல்லட்டும். நாம திரும்பிக்கிடுவோம்."

போனை ஒலிபெருக்கியில் போட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். "மைதீன், கம்ப்யூட்டர் முன்னால இருக்கு. மெதுவா, மரியாதையாச் சொல்லும்" என்றார் கொழுந்து. மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி, காதில் விரலை வைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் லிங்கம் டீயோடு மாடி ஏறி வந்தார். மூன்று பேர் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். மேசையில் ஒரு போன், "சின்ன எம்... ஏழு... பெரிய கே..." என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறது. கேட்பார் இல்லை. லிங்கத்துக்குப் பாவமாக இருந்தது. டீத்தட்டை வைத்துவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். "கடைசியா என்ட்டர், கம்ப்யூட்டரே" என்றது போன். அதையும் தட்டினார். பிறகு கொழுந்தின் தோளைத் தொட்டு, "டீ ஆறுது, அண்ணாச்சி" என்றார்.

கொழுந்து திரும்பினார். திரையில் சேனல் திறந்து கிடந்தது.

"கேட்டுக்கிச்சு! கம்ப்யூட்டர் கேட்டுக்கிச்சு!" என்று கத்தினார். லிங்கம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "முக்கியமான வேலை நடக்கு லிங்கம், குறுக்கப் பேசாதீரும்" என்றார் மெய்கண்டான். லிங்கம் தம்ளர்களை எண்ணிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஆறு மணிக்குள் வீடியோ ஏறிவிட்டது.

ஏழு மணிக்குக் குழலி அழைத்தாள்.

"சார், வீடியோ பார்த்தோம். சேனல் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அவ்வளவு பிடிச்சிருக்காம்மா?" என்றார் கொழுந்து.

"சேலத்துக்காரங்களும் பார்த்தாங்க சார். 'இந்தச் சேனல் எங்களுக்கு வேண்டவே வேண்டாம்'னு எழுதிக் கொடுத்துட்டாங்க. சரி, புதுப் பதிப்பு வந்துட்டதால பொறுப்பாளர்னு ஒரு பேர் புதுசாப் பதிவு பண்ணணும். பாஸ்வேர்டை முடிச்சு உள்ளே போனவர் பேரைப் போடுறது வழக்கம். யாரோ ஒருத்தர் பேரைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

யாரோ ஒருத்தர் பெயரைப் போட அவர்கள் என்ன பொய்யர்களா? தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கிய மைதீன் பிச்சையையும் உட்கார வைத்து விசாரித்தார்கள்.

"நான் சொல்லத்தான் செய்தேன். அடிச்சது கம்ப்யூட்டர்" என்றார் அவர்.

"எங்க மூணு பேர் கையும் காதுல இருந்துச்சு" என்றார் பொற்கொடி.

மெய்கண்டான் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்: "அப்ப பொறுப்பாளர் கம்ப்யூட்டர்தான். கொழுந்து, வருத்தப்படாதீரும். இதுல ஒளிவுமறைவு கூடாது."

கொழுந்து வருத்தப்படவில்லை. பயந்தார். பத்திரிகையில் உலகம்மையின் தகப்பனார் என்ற இடத்தில் 'பொறுப்பாளர்' என்றிருக்கிறது. பொறுப்பாளர் கம்ப்யூட்டர். பத்திரிகையோ மஞ்சள் குங்குமம் வைத்து ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. திரும்ப வாங்குவது அபசகுனம். விடிய விடிய யோசித்து, மறுநாள் வீட்டில் அறிவித்தார்.

"அச்சுல இருக்கதை மாத்த முடியாது. ஆளைத்தான் மாத்தணும்."

உலகம்மைக்குப் பிடித்த மாப்பிள்ளை. கல்யாணம் நின்றுவிடக் கூடாது. "சரிப்பா" என்றாள். "அதுக்குப் பட்டு வேட்டியா, எட்டு முழமா?"

புதன்கிழமை மண்டபத்தில், மணமகளின் தகப்பனார் உட்காரும் மணையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குப் பட்டு வேட்டி, திரைக்குச் சந்தனப் பொட்டு, கழுத்து மாதிரி இருந்த இடத்தில் மாலை. கோமு அதற்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். என்ன இருந்தாலும் அந்நிய ஆள். கொழுந்து வாசலில் நின்று பன்னீர் தெளித்தார்.

சிதம்பரநாதன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை வரிவரியாகப் படித்தார். மணையைப் பார்த்தார். மறுபடி பத்திரிகையைப் பார்த்தார். "யாரு இது?" என்று கேட்டார். மெய்கண்டான் விவரம் முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னார். அச்சகத்தில் முப்பது வருஷம் அடுத்தவன் பொய்யைத் திருத்தியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஒரு நேர்மையான குடும்பத்தை நான் பாத்ததே இல்ல" என்று பத்திரிகையின் ஓரத்தில் பேனாவால் சரிக்குறி போட்டார்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. "பொண்ணோட தகப்பனார் கையை நீட்டுங்கோ" என்றார் ஐயர். கீபோர்டை நீட்டினார்கள். அதன்மேல் உலகம்மையின் கையை வைத்து, அதன்மேல் மாப்பிள்ளையின் கையை வைத்து, செம்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார் ஐயர். தண்ணீர் கையிலிருந்து கீபோர்டுக்கும், அங்கிருந்து பட்டு வேட்டிக்கும், அங்கிருந்து பெட்டிக்கும் இறங்கியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். திரை இருண்டது.

மேளம் நின்றுவிட்டது. கோமு மணையை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"பெத்த மனசுல்லா. தாங்க முடியலை. மயங்கிட்டு" என்றார் பொற்கொடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கூட்டம் போடாதீங்க! காத்து வரட்டும்! யாராவது மூஞ்சில சோடா தெளிங்க!" என்று ஓடி வந்தார் மைதீன் பிச்சை. சிதம்பரநாதனே தன் துண்டால் விசிறினார். சோடா வந்தது. ஒன்றில் தெளியவில்லை என்று இன்னொன்றையும் உடைத்து ஊற்றினார்கள். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து மெல்லப் புகை வந்தது.

"மூச்சு வருது, மூச்சு வருது" என்றார் மெய்கண்டான்.

கொழுந்து பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். திரையின் ஈரத்தைத் தன் துண்டால் ஒற்றி எடுத்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. பாவம், வெறும் வயிறு."